கம்பெனி நியூஸ்லெட்டர்: லெட்டரா, லிங்க் தொகுப்பா, கலர் புத்தகமா?

ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் "நாமளும் ஒரு நியூஸ்லெட்டர் ஆரம்பிச்சா என்ன"ன்னு கேட்டா போதும், அடுத்த அரைமணி நேரம் பேச்சு முழுக்க எந்த டூல் வாங்குறது, லோகோவை மேல வைக்கிறதா கீழ வைக்கிறதா, பார்டர் என்ன கலருன்னே ஓடும். என்ன எழுதப் போறோம், யாருக்கு எழுதப் போறோம், அது வந்து சேர்ற நேரத்துல அந்த ஆள் என்ன வேலைல மாட்டிக்கிட்டு இருப்பாருன்னு கேட்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். தொழிற்சாலைகளுக்கு ஏர் கம்ப்ரஸர் வித்து சர்வீஸும் பண்ற ஒரு சின்ன கம்பெனிக்கு கொஞ்ச வருஷமா இந்த வேலையைப் பாத்துட்டு இருக்கேன், மூணு விதமாவும் அனுப்பிப் பாத்தாச்சு, அதனால மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சொல்றேன், உங்களுக்கு எது ஒத்துவரும்னு பாத்துக்கோங்க. என் ஓட்டு எதுக்குன்னு மறைச்செல்லாம் எழுதல, போகப்போகத் தெரிஞ்சிடும்.

மூணு விதம்னா என்ன. ஒண்ணு கலர் புத்தகம்: மேல பெரிய படம், அடுத்து எம்டி செய்தி, விருது வாங்கின போட்டோ, புது மாடல், கண்காட்சில எங்க ஸ்டால் நம்பர், கடைசில நாலஞ்சு பட்டன். ரெண்டாவது லிங்க் தொகுப்பு: அந்த வாரம் துறைல வந்த நல்ல விஷயம் அஞ்சாறு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி விளக்கம், ஒரு லிங்க். மூணாவது லெட்டர்: ஒரே ஒரு விஷயம், ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு எழுதுற மாதிரி, படம் வேணும்னா ஒண்ணு, அதுவும் இல்லாமலே போகலாம்.

வாங்குறவர் பக்கத்துல இருந்து பாக்கலாம். எங்க லிஸ்ட்ல இருக்கிறவங்க பெரும்பாலும் மெயின்டனன்ஸ் பாக்குறவங்க, பர்சேஸ் ஆளுங்க, கொஞ்சம் முதலாளிங்க. காலைல இன்பாக்ஸைத் திறந்தா ஒருத்தன் பில் கேட்டு எழுதியிருப்பான், ஒருத்தன் மீட்டிங் மாத்தியிருப்பான், ஒரு மெஷின் நின்னு போச்சுன்னு ஒரு மெயில், அதுக்கு நடுவுல நம்ம நியூஸ்லெட்டர். வீட்டுல சோபால சாஞ்சுக்கிட்டு படிக்கிற மாதிரி இல்ல, கைல வேலை இருக்கும்போது நம்மளை மூணு செகண்ட் பாக்குறாரு, டெலீட் பண்றதா வேண்டாமான்னு முடிவு பண்றாரு, அவ்வளவுதான். பொழுதுபோகலன்னு ஒருத்தர் ஆபீஸ் மெயிலைத் திறக்குறதில்லையே, ஏதோ ஒரு வேலையை முடிக்கத்தான் திறக்குறாரு, அந்த வேலைக்கு நாம உதவுறோமா குறுக்க நிக்கிறோமா, அவர் பாக்குறது அது ஒண்ணுதான்.

இன்னொண்ணும் இருக்கு, கம்பெனிக்கு கம்பெனி நடக்குற வியாபாரத்துல பொருளைப் பயன்படுத்துறவர் ஒருத்தர், விலை பேசுறவர் ஒருத்தர், கையெழுத்துப் போடுறவர் இன்னொருத்தர். நம்ம மெயில் உண்மையிலேயே வேலை செஞ்சுதுன்னா அது ஒருத்தர் கைல நிக்காது, மெயின்டனன்ஸ் ஆள் அதை அவர் மேனேஜருக்கு "இதைப் பாருங்க சார்"னு ஃபார்வர்ட் பண்ணுவாரு. இந்த இடத்துலதான் கலர் புத்தகம் கவுந்துடுது. பக்கத்தை நெட்டுக்கு ரெண்டா பிரிச்ச டெம்ப்ளேட்டை ஒருத்தர் ஃபார்வர்ட் பண்ணா அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது கட்டம் கலைஞ்சு, பட்டன் உடைஞ்சு, படம் பெருசாகி, ஏதோ விபத்துல சிக்கின மாதிரி வரும். விண்டோஸ்ல ஓடுற பழைய அவுட்லுக் மெயில் சாஃப்ட்வேர், 2007ல இருந்து மெயிலைக் காட்டுறதுக்கு மைக்ரோசாஃப்ட் வேர்டோட எஞ்சினைத்தான் பயன்படுத்திக்கிட்டு இருக்கு, அதாவது பிரவுசர்ல அழகா தெரியிற பாதி டிசைன் அதுல வேலையே செய்யாது, ஆபீஸ்காரங்க நிறைய பேர் வச்சிருக்கிறதோ அதே அவுட்லுக். அது போதாதுன்னு வெளியில இருந்து வர்ற மெயில்ல படத்தை அது தானா இறக்கவும் செய்யாது, நீங்க ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்ச பேனர் இருக்கிற இடத்துல ஒரு வெள்ளைக் கட்டமும் ஒரு சிவப்பு பெருக்கல் குறியும் நிக்கும்.

ஜிமெயில்ல வேற ஒரு வம்பு. மெயிலோட எச்டிஎம்எல், அதாவது எழுத்தும் டிசைனும் சேந்த கோடிங், 102 கேபிக்கு மேல போச்சுன்னா மீதியை வெட்டிட்டு "முழு மெயிலைப் பாக்க இங்க கிளிக் பண்ணுங்க"ன்னு ஒரு வரியை வச்சிடும். வெட்டுப்படுறது கடைசிப் பகுதி, இனி அனுப்பாதீங்கன்னு சொல்ற அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருக்கிறதும் அங்கதான், லிங்க் கண்ணுல படாதவர் நேரா ஸ்பேம் பட்டனை அமுக்குவாரு. டிராக் அண்ட் டிராப்ல பண்ற டெம்ப்ளேட் உள்ளுக்குள்ள எக்கச்சக்கமான கோடிங்கை சேத்து வைக்கும், நமக்குத் தெரியாது. தமிழ்ல எழுதினா இன்னும் சீக்கிரம் முட்டும், ஏன்னா கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறைல இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு உயிரெழுத்து, மெய், கால், கொம்பு, புள்ளின்னு ஒவ்வொண்ணும் தனித்தனியா மூணு மூணு பைட்.

சரி, கலர் புத்தகத்துக்கு நல்லதே இல்லையான்னா இருக்கு. பொருளைக் கண்ணால பாத்தே வாங்குற வியாபாரம்னா, துணி, டைல்ஸ், ஃபர்னிச்சர், பேக்கேஜிங் மாதிரி, டீலருக்கு புது டிசைன் காட்டணும்னா படம் வச்சுத்தான் ஆகணும், அங்க லெட்டர் எழுதி "நீலக் கலர்ல அழகா இருக்கும்"னு வர்ணிச்சா சிரிப்பாங்க. மத்தபடி இது பெரும்பாலும் கம்பெனி தன் முகத்தைத் தானே கண்ணாடில பாத்துக்கிறதுதான். விருது வாங்கினது நமக்கு சந்தோஷம், வாங்குறவருக்கு அதுல என்ன இருக்கு? நாங்க அனுப்பினப்ப ஒவ்வொரு இதழுக்கும் சேல்ஸ், சர்வீஸ், எச்ஆர்னு மூணு பேர்கிட்ட மேட்டர் வாங்கி, எம்டிகிட்ட ஓகே வாங்கி, அதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும், தீபாவளி வாழ்த்து பொங்கலுக்குப் போய்ச் சேர்ற கதைதான்.

லிங்க் தொகுப்புதான் கஷ்டமான போட்டி, ஏன்னா அது நல்ல வடிவம், நானே ரெண்டு மூணு தொகுப்பை விடாம படிக்கிறேன். துறைல என்ன நடக்குதுன்னு தேடிக்கிட்டு இருக்க நேரமில்லாதவருக்கு வேற ஒருத்தர் தேடி சலிச்சு கொடுத்தா அது நிஜமான உதவி. விதிமுறை அடிக்கடி மாறுற துறை, வரி, இறக்குமதி, மருந்து, சாஃப்ட்வேர் பாதுகாப்பு மாதிரி இடத்துல இதை அடிச்சுக்க ஆளில்ல. எழுதுறதும் சுலபம்னு நினைப்போம், ஆறு லிங்க் பன்னிரண்டு வரி. அங்கதான் ஏமாறுவோம், உருப்படியா ஆறு எடுக்கணும்னா முப்பது நாப்பது படிச்சிருக்கணும், படிச்சதுல எது நம்ம ஆளுக்கு முக்கியம்னு தெரியிற அளவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். மார்க்கெட்டிங்ல புதுசா சேந்த பையன்கிட்ட "வாரம் அஞ்சு லிங்க் போடு"ன்னு விட்டா கூகுள்ல முதல்ல வர்றதைத்தான் போடுவான், அவனைக் குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல.

தொகுப்புல இன்னொரு சிக்கல், ஒவ்வொரு லிங்க்கும் வாசகரை வேற ஒருத்தர் வீட்டுக்கு அனுப்பி வைக்குது. அவர் போயிட்டு திரும்பி வர மாட்டாரு. விஷயம் நல்லா இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும், யார் அனுப்பினாங்கன்னு மறந்துடும். இதைத் தவிர்க்க ஒரே வழி லிங்க்குக்கு மேல எழுதுற ரெண்டு வரில உங்க அபிப்பிராயம் இருக்கணும். "கம்ப்ரஸர் ஆயில் பத்தின புது கட்டுரை"ன்னு எழுதினா அது தலைப்பு, "இதுல சொல்ற ஆயில் மாத்துற இடைவெளி சுத்தமான ஏசி ரூமுக்கு சரி, தூசி பறக்கிற ஷெட்டுக்கு இதை நம்பி உக்காராதீங்க"ன்னு எழுதினா அதைப் படிச்சவர் லிங்க்கைத் தொடாமலே ஏதோ கத்துக்கிட்டாரு, எழுதினது யாருன்னும் மேல போய்ப் பாப்பாரு.

இப்ப லெட்டர். உதாரணத்தோட சொன்னாத்தான் புரியும். காத்துக் கசிவுன்னு ஒரு விஷயம், கம்ப்ரஸர் அழுத்தித் தர்ற காத்து குழாய்லயும் இணைப்புலயும் ஒழுகிப் போறது, கம்ப்ரஸர் வச்சிருக்கிற தொழிற்சாலைல அனேகமா எல்லாத்துலயும் இருக்கு, சரியா பராமரிக்காத இடத்துல கம்ப்ரஸர் தர்ற காத்துல 20லருந்து 30 சதவீதம் வரைக்கும் இப்படியே வீணாப் போகும். முதல்ல இதை கலர் புத்தகத்துல போட்டோம்: "ஆற்றல் சிக்கனம் நமது கடமை"ன்னு தலைப்பு, பச்சை இலை படம், எங்க லீக் டிடெக்ஷன் சர்வீஸுக்கு ஒரு பட்டன். ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் தொகுப்புல ஒரு லிங்க்கா போட்டோம், நாலு பேர் கிளிக் பண்ணாங்க, அதுல ரெண்டு பேர் எங்க ஆளுங்களே. மூணாவது தடவை எங்க சீனியர் சர்வீஸ் இன்ஜினியர் பேர்ல ஒரு லெட்டரா அனுப்பினோம், கிட்டத்தட்ட இப்படி (லோடுன்னா கம்ப்ரஸர் காத்தை அழுத்துற நேரம், அன்லோடுன்னா அழுத்தாம சும்மா இருக்கிற நேரம்):

"வணக்கம். அடுத்த லீவு நாள்ல மெஷின் எல்லாம் நின்னப்புறம் கம்ப்ரஸர் ரூமுக்கு ஒரு பத்து நிமிஷம் போய் நில்லுங்க, கைல ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் இருந்தா போதும். யாருமே காத்தை எடுக்கல, ஆனாலும் கம்ப்ரஸர் நடுநடுவுல லோடு எடுக்குதான்னு பாருங்க. லோடுல ஓடுற நேரத்தையும் அன்லோடுல ஓடுற நேரத்தையும் தனித்தனியா குறிச்சுக்கோங்க. பத்து நிமிஷத்துல 3 நிமிஷம் லோடுல ஓடிச்சுன்னா அந்த கம்ப்ரஸர் தர்ற காத்துல 30 சதவீதம் எங்கயோ ஓட்டைல போகுது. 10 சதவீதத்துக்குக் கீழன்னா பரவாயில்ல. வேரியபிள் ஸ்பீடு மெஷினா இருந்தா இந்தக் கணக்கு பொருந்தாது, மாடல் நம்பரை அனுப்புங்க, வேற வழி சொல்றேன். எத்தனை நிமிஷம் வந்துச்சுன்னு இந்த மெயிலுக்கே பதில் போடுங்க."

அவ்வளவுதான் மெயில். பட்டன் இல்ல, பேனர் இல்ல, எங்க சர்வீஸைப் பத்தி ஒரு வரி இல்ல. பதில் வர ஆரம்பிச்சுது. ஒருத்தர் வெறும் "4 நிமிஷம்"னு போட்டாரு. இன்னொருத்தர் "நிக்கவே இல்லைங்க, ஓடிக்கிட்டே இருக்கு, யாரையாவது அனுப்புங்க"ன்னாரு. ஒருத்தர் அதை அவங்க பிளான்ட் ஹெட்டுக்கு ஃபார்வர்ட் பண்ணி அவரையும் சிசில வச்சு பதில் போட்டிருந்தாரு, அந்த பிளான்ட் ஹெட்டோட மெயில் ஐடியை எங்க சேல்ஸ் ஆளுங்க அதுக்கு முன்னாடி எவ்வளவு நாளா தேடிக்கிட்டு இருந்தாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். நல்லா கவனிச்சீங்கன்னா விஷயம் மூணு தடவையும் ஒண்ணுதான், மாறினது வடிவமும், அதுல இருந்து படிக்கிறவர் என்ன செய்யலாம்ங்கிறதும்.

லெட்டருக்கு என்ன குறைன்னா, எழுத ஆள் வேணும், அதுவும் விஷயம் தெரிஞ்ச ஆள். மார்க்கெட்டிங் ஆள் தனியா உக்காந்து இதை எழுத முடியாது, எழுதினா அந்த ஸ்டாப்வாட்ச் வராது, "கசிவுகளைத் தவிர்ப்பது மிக அவசியம்"தான் வரும். நான் என்ன பண்றேன்னா சர்வீஸ் இன்ஜினியர்கிட்ட "எழுதிக் குடுங்க"ன்னு கேக்குறதில்ல, கேட்டா அந்த வாரமே அவருக்கு லீவு வேணும்னு வந்துடும். அவரோட சென்ட் ஃபோல்டரைத் திறக்கச் சொல்வேன். போன மாசம் ரெண்டு கஸ்டமருக்கு ஒரே பதிலை டைப் பண்ணியிருந்தாருன்னா அடுத்த லெட்டர் அதுதான். கேள்வி நிஜமானது, பதில் ஏற்கனவே எழுதியாச்சு, நான் பண்றது கஸ்டமர் பேரை எடுத்துட்டு முன்னப்பின்ன ஒழுங்குபடுத்துறது மட்டும். அப்படிப் பாத்தா லெட்டருக்கு அரை நாள்கூட ஆகாது, கலர் புத்தகத்துக்கு அலைஞ்ச அலைச்சல்ல கால்வாசிதான்.

யார் பேர்ல அனுப்புறதுங்கிறது இதோட ஒட்டின முடிவு. கம்பெனி பேரா, ஆள் பேரா? கம்பெனி பேர்னா ஆள் வேலையை விட்டுப் போனாலும் கவலை இல்ல, ஆள் பேர்னா திறந்து பாக்குறாங்க ஆனா அவர் போயிட்டா கஷ்டம். ரெண்டையும் சேத்து "இன்னார், இன்ன கம்பெனி"ன்னு வைக்கிறது நடுவழி, நாங்க அதுலதான் நிக்கிறோம். ஆனா ஒண்ணு, தயவுசெஞ்சு நோ-ரிப்ளைன்னு ஒரு அட்ரஸ்ல இருந்து அனுப்பாதீங்க. வீட்டு வாசல்ல நின்னு பேசிட்டு பதில் சொல்ல வர்றதுக்குள்ள கதவைச் சாத்துற மாதிரி அது. "எங்கள் வாடிக்கையாளர்களே எங்கள் உயிர்"னு உள்ள எழுதி வெளிய நோ-ரிப்ளைன்னு போட்டு அனுப்புறாங்க, எப்படித்தான் மனசு வருதோ.

சப்ஜெக்ட் லைன் பத்தி ஊருபட்ட பேர் ஊருபட்டது எழுதியிருக்காங்க, எனக்கு வச்சிருக்கிறது ஒரே ஒரு சோதனைதான்: இதே சப்ஜெக்ட்ல கூட வேலை செய்றவருக்கு ஒரு மெயில் அனுப்புவேனா? "செய்திமடல், இதழ் 14"ன்னு யாரும் கூட வேலை செய்றவருக்கு அனுப்ப மாட்டாங்க. "உங்க கரன்ட் பில்லை பாதியாக்கும் 5 ரகசியங்கள்"னும் அனுப்ப மாட்டாங்க, அது மட்டுமில்ல, அது பொய்யும்கூட. "மெஷின் நின்னப்புறமும் கம்ப்ரஸர் ஓடுதா?"ன்னு அனுப்புவோம். ஃபோன்ல பாதிதான் தெரியும், அதனால முக்கியமான வார்த்தையை முன்னாடி வைங்க. சப்ஜெக்டுக்குப் பக்கத்துல சாம்பல் கலர்ல ஒரு வரி தெரியுமே, அதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல, எதுவும் போடலைன்னா மெயிலோட முதல் வரியை அது எடுத்துக்கும், டெம்ப்ளேட்ல முதல் வரி "இந்த மெயில் சரியாகத் தெரியவில்லை என்றால்"னு இருந்தா அதுதான் நீங்க ஊருக்கெல்லாம் சொல்ற முதல் வார்த்தை. பேர் போட்டு கூப்பிடுறதுலயும் பாத்து, லிஸ்ட்ல பேர் காலியா இருக்கிறவங்களுக்கு "வணக்கம் ஃபர்ஸ்ட்நேம்"னு போய், அதை ஒரு கஸ்டமர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்களுக்கே அனுப்பி வச்ச அனுபவம் இருக்கு, அன்னைலருந்து வெறும் வணக்கத்தோட நிறுத்திக்கிட்டேன்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு கேட்டா, தொகுப்புன்னா வாரம், இல்லைன்னா விஷயம் பழசாயிடும். லெட்டர்னா ரெண்டு வாரம், அதுவும் சொல்றதுக்கு இருந்தா. கலர் புத்தகம்னா மூணு மாசத்துக்கு ஒண்ணு போதும், யாரும் காத்துக்கிட்டு இல்ல.

இப்ப முக்கியமான இடம், எதை வச்சு எது நல்லா வேலை செய்யுதுன்னு முடிவு பண்றது? எல்லாரும் ஓபன் ரேட்டைப் பாப்பாங்க. மெயிலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வச்சு அது இறங்குச்சுன்னா திறந்தாங்கன்னு எண்ணுறதுதான் ஓபன் ரேட், ஆரம்பத்துல இருந்தே அது குத்துமதிப்புதான். 2021 செப்டம்பர்ல ஆப்பிள் ஐஓஎஸ் 15ஓட மெயில் பிரைவசின்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க, அதை ஆன் பண்ணி வச்சிருக்கிறவருக்கு மெயில் வந்தா அவர் திறந்தாலும் திறக்காட்டியும் ஆப்பிளோட சர்வரே எல்லாப் படத்தையும் முன்கூட்டியே இறக்கி வச்சுக்கும், நமக்கு அது ஓபன்னு கணக்காகும். எங்களுக்கு ஓபன் ரேட் திடீர்னு ஏறினப்ப நான் எம்டிகிட்ட போய் பெருமையா சொல்லி பாராட்டும் வாங்கிட்டேன், காரணம் தெரிஞ்சப்புறம் போய் மாத்திச் சொல்ல எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. அந்தப் பக்கம் அவுட்லுக்ல படமே இறங்காம முழுசா படிச்சவர் ஓபன் பண்ணாதவர் கணக்குல நிப்பாரு.

கிளிக்கையாவது நம்பலாம்னா ஆபீஸ் மெயில்ல அதுவும் போச்சு. பெரிய கம்பெனிங்க மெயிலுக்கு முன்னாடி பாதுகாப்பு சாஃப்ட்வேர் வச்சிருக்காங்க, அது உள்ள வர்ற மெயில்ல இருக்கிற லிங்க்குல தானே போய்ப் பாத்துட்டு ஆபத்து இல்லைன்னாத்தான் உள்ள விடும். மெயில் அனுப்பின சில செகண்டுல ஒருத்தர் எல்லா லிங்க்கையும், அன்சப்ஸ்கிரைப் உள்பட, வரிசையா கிளிக் பண்ணியிருந்தா அது ஆள் இல்ல, மெஷின். லிங்க் தொகுப்பு அனுப்புறவங்களுக்கு இது பெரிய தலைவலி, ஏன்னா அவங்களோட மொத்தக் கணக்கும் கிளிக்லதான் இருக்கு. ரிப்ளையை மட்டும் இன்னும் மெஷின் சுலபமா பொய்யாக்கல, அவுட் ஆஃப் ஆபீஸ் பதிலைக் கழிச்சிட்டா மிச்சம் இருக்கிறது எல்லாம் உக்காந்து டைப் பண்ணின மனுஷங்க. அதனாலதான் நான் லெட்டர் பக்கம் சாஞ்சது, அழகுக்காக இல்ல, மூணுலயும் பதில் வாங்கத் தோதான வடிவம் அதுதான், அளந்து பாக்க மிச்சம் இருக்கிறதும் பதில் மட்டும்தான்.

எண்ணிக்கை சின்னதா இருக்கும், அதுக்கு பயப்படாதீங்க. கம்ப்ரஸர் விக்கிற கம்பெனிக்கு மாசம் ஒரு ஆர்டர் கூடுதலா வந்தாலே பெரிய விஷயம், நமக்கு எதுக்கு ஆயிரக்கணக்குல கிளிக்.

டூல் பத்தி இப்ப பேசலாம், வடிவம் முடிவானப்புறம் இது சுலபம். மெயில்சிம்ப், பிரெவோ, மெயிலர்லைட் மாதிரி மொத்தமா மெயில் அனுப்புற டூல்ல எதை எடுத்தாலும் லெட்டர் அனுப்பலாம், நூத்துக்கணக்கான டெம்ப்ளேட்டை ஒதுக்கி வச்சிட்டு வெறும் எழுத்து டெம்ப்ளேட்டை எடுக்கிற மன உறுதி இருந்தா போதும். சப்ஸ்டாக்ங்கிற நியூஸ்லெட்டர் தளம் எழுத்தாளர்களுக்கு நல்லது, வாசகர்கிட்ட சந்தா வாங்கினா 10 சதவீதம் எடுத்துக்குவாங்க, கம்பெனி நியூஸ்லெட்டருக்கு அந்தக் கவலை இல்ல, ஆனா பக்கம் உங்க கம்பெனி பக்கம் மாதிரி இருக்காது. லிங்க்ட்இன்ல நியூஸ்லெட்டர் ஆரம்பிச்சா படிக்கிறவங்க சீக்கிரம் சேருவாங்க, ஏன்னா ஆள் ஏற்கனவே அங்க இருக்காங்க, ஆனா அவங்க மெயில் ஐடி உங்க கைக்கு வராது, நாளைக்கு நீங்க கிளம்பணும்னா வெறுங்கையோடதான் கிளம்பணும். வாடகை வீட்டுல கிணறு வெட்டுற வேலைதான். ட்விட்டர் 2021ல ரெவ்யூன்னு ஒரு நியூஸ்லெட்டர் டூலை வாங்கி 2023 ஜனவரில மூடினாங்க, மெயில்சிம்ப் கைல இருந்த டைனிலெட்டரை 2024 பிப்ரவரில மூடினாங்க, லிஸ்ட்டை டவுன்லோடு பண்ண முடிஞ்சதால அங்க எழுதினவங்க வேற இடம் போய்ப் பொழச்சாங்க. அதனால எந்த டூலா இருந்தாலும் மாசம் ஒரு தடவை லிஸ்ட்டை இறக்கி பத்திரமா வச்சுக்கோங்க, இதுக்கு மேல டூல் பத்தி எனக்கு பெரிய அபிப்பிராயம் கிடையாது.

ஒண்ணே ஒண்ணு மட்டும் ஐடி ஆள்கிட்ட சொல்லி பண்ண வைங்க: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். இந்த மூணும் "இந்த மெயிலை அனுப்பினது நெசமாவே இந்த கம்பெனிதான்"னு அந்தப் பக்கத்து சர்வருக்கு நிரூபிக்கிற வேலை. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமா அனுப்புறவங்களுக்கு இதைக் கட்டாயமாக்கிட்டாங்க, ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்புறவங்கதான் அவங்க கணக்குல மொத்தமா அனுப்புறவங்க, அவங்க ஒரே கிளிக்ல அன்சப்ஸ்கிரைப் வைக்கணும், கேட்டவரை ரெண்டு நாளுக்குள்ள எடுத்துடணும், ஸ்பேம்னு அமுக்குறவங்க 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, ஆயிரம் பேர்ல மூணு பேர் கோவப்பட்டா போதும். நாம அவ்வளவு அனுப்பலைன்னாலும் இதே ஒழுங்கோட இருக்கிறது நல்லது, முன்னூறு பேர் இருக்கிற சின்ன லிஸ்ட்ல ஒருத்தர் கோவப்பட்டாலே அந்த 0.3 சதவீதம் தாண்டிடும்.

அதனாலதான் லிஸ்ட் விலைக்கு வாங்குற யோசனையை நான் ஒப்பீட்டுலயே சேக்கல. கண்காட்சில வாங்கின விசிட்டிங் கார்டை அள்ளிக் கொட்டுறதும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். பழைய பழக்கம் இது, 1978 மே மாசம் கேரி துயர்க்ன்னு டிஇசி கம்ப்யூட்டர் கம்பெனி மார்க்கெட்டிங் ஆள் இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்ல இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு புது மெஷினைப் பாக்க வாங்கன்னு கேக்காமலே ஒரு மெயில் அனுப்பினாரு, முழுக்க பெரிய எழுத்துல, அட்ரஸ் லிஸ்ட் ரொம்ப நீளமாப் போய் மெயிலுக்குள்ளயே வழிஞ்சிடுச்சு. உலகத்தோட முதல் ஸ்பேம்னு அதைத்தான் சொல்றாங்க. அதுவும் கம்பெனிக்காரங்களுக்கு அனுப்பின வியாபார மெயில்தான், நம்ம பரம்பரைன்னு வச்சுக்கோங்க. சட்டமும் சும்மா இல்ல, அமெரிக்காவோட கேன்-ஸ்பேம் சட்டம் 2003ல வந்தது, கம்பெனிக்கு கம்பெனி அனுப்புற மெயிலுக்கும் விலக்கு கிடையாது, அன்சப்ஸ்கிரைப் வழியும் அனுப்புறவரோட தபால் முகவரியும் இருந்தாகணும். ஐரோப்பால ஜிடிபிஆர்ங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018ல இருந்து இன்னும் கெடுபிடி. எந்த நாட்டு ஆள் உங்க லிஸ்ட்ல இருக்காங்கன்னு ஒரு தடவை பாத்துடுங்க.

இவ்வளவு சொல்லிட்டு, எல்லாரும் லெட்டருக்கு மாறுங்கன்னு சொல்லல. விதிமுறை வாராவாரம் மாறுற துறைல விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் உங்ககிட்ட இருந்தா தொகுப்புக்கே போங்க, கீழ ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைங்க, பதில் வரும். பொருள் படத்துலதான் விக்கும்னா கலர் புத்தகம் போடுங்க, ஆனா ஒரு இதழுக்கு ஒரு பொருள், படம் இறங்கலைன்னாலும் புரியிற மாதிரி மேல ரெண்டு வரி எழுத்து. இது ரெண்டும் இல்லாம மெஷின், சர்வீஸ், கணக்கு, ஆலோசனை, சாஃப்ட்வேர்னு விளக்கிச் சொல்லி விக்கிற வியாபாரம்னா லெட்டர்தான்.

மூணு இதழ் போனப்புறம் சத்தமே இல்லைன்னா வடிவத்தை மாத்துறதுக்கு முன்னாடி லிஸ்ட்டைப் பாருங்க. ஒரு வருஷமா ஒரு அசைவும் இல்லாதவங்களுக்கு தனியா ஒரு மெயில் போடுங்க, ரெண்டே வரி, "இது உங்களுக்கு இன்னும் வேணுமா? வேணும்னா ஆமான்னு ஒரு வார்த்தை பதில் போடுங்க, இல்லைன்னா அடுத்த வாரம் எடுத்துடுறேன்"னு. படிச்சிக்கிட்டே இருந்து சத்தம் காட்டாத சில பேர் அப்பத்தான் வெளிய வருவாங்க, அப்படி வந்த ஒருத்தர் எங்க லெட்டரை எல்லாம் பிரின்ட் எடுத்து கம்ப்ரஸர் ரூம் கதவுல ஒட்டி வச்சிருக்கேன்னு எழுதியிருந்தாரு, எங்க கணக்குல அவர் ஒரு தடவைகூட ஓபன் பண்ணாதவர். பதில் போடாதவங்களை சொன்ன மாதிரியே எடுத்துடுங்க. லிஸ்ட் பாதியாச்சுன்னு எம்டி கேப்பாரு, அப்ப அந்த பதில் மெயிலை எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சிருக்கீங்கல்ல, அதைத் திறந்து காட்டுங்க.